திருகோணமலையில் மூத்த சாரதிகளுக்கான வாகனக் காப்புறுதி: கட்டணத்தை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக்கூடாது

ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்தும் ஒருவருக்கு ஆண்டில் ஒரே தடவையில் வந்து நிற்கும் பெரிய செலவுகளில் காரின் காப்புறுதிப் புதுப்பிப்பும் ஒன்று. கந்தோருக்கும் பாடசாலைக்கும் நாள்தோறும் ஓடிய கார் இப்போது உவர்மலையிலிருந்து சந்தைக்கும், வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோவிலுக்கும், கிளினிக் நாளில் ஆஸ்பத்திரிக்கும் மட்டுமே போய்வருகிறது. ஆனாலும் கட்டணம் மட்டும் குறைவதாகத் தெரியவில்லை. இந்நிலையில் சிலர் முகவர் சொல்லும் தொகையைக் கேள்வி கேட்காமல் கட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் வெறுத்துப்போய், மற்றவருக்கு நேரும் நட்டத்தை மட்டும் ஏற்பதும் சட்டத்துக்குப் போதுமானதுமான மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கு இறங்கிவிடுகிறார்கள். எப்போதாவது ஓடும் காருக்கும் ஒரு பெரிய விபத்து நேர்ந்துவிட்டால் இரண்டு வழிகளுமே செலவு கூடியவையாக முடியலாம். ஆகவே, கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன்னர் எவற்றை எந்த ஒழுங்கில் தீர்மானிக்க வேண்டும் என்பதை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

காரின் இன்றைய பாவனையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து, கடந்த ஓராண்டில் கார் எங்கெல்லாம் போனது, யார் ஓட்டினார்கள், இரவில் எங்கே நின்றது என்பவற்றை எழுதுங்கள். பத்து நிமிடத்தில் முடிகிற இந்த வேலையைச் செய்யாமல் காப்புறுதி எடுப்பவர்களே அதிகம். நகருக்குள் மட்டும் ஓடும் காருக்கும், மாதம் ஒரு முறையேனும் கொழும்புக்குப் போய்வரும் காருக்கும் ஆபத்துகள் வேறு.

நகருக்குள் வேகம் குறைவு. உரசல், பின்னால் வந்து மோதும் முச்சக்கர வண்டி, பிரெட்ரிக் கோட்டைப் பக்கத்திலிருந்து வீதிக்கு வந்துவிடும் புள்ளிமான்கள், கட்டாக்காலி மாடுகள் ஆகியவையே வழக்கமான தொல்லைகள். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை செல்லும் ஏ6 வீதியிலும், ஹொரவப்பொத்தானை வழியாக அநுராதபுரம் செல்லும் ஏ12 வீதியிலும் மாலை மங்கிய பிறகு காட்டு யானை குறுக்கிடும் ஆபத்து உண்டு. யானை மோதிய காருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் ஒரு சதமும் கிடைக்காது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிண்ணியா, மூதூர், வெருகல் பக்கம் அடிக்கடி போகிறவர்கள் ஏ15 வீதியில் மாரிகாலத்தில் வெள்ளம் குறுக்கறுக்கும் இடங்களையும் அந்தத் தாளில் சேர்க்க வேண்டும்.

வாகனம் யாருடைய பெயரில் இருக்கிறது?

நம் ஊரில் மூத்தவர்கள் ஓட்டும் கார்களில் கணிசமானவை அவர்கள் பெயரில் இருப்பதில்லை. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மகன், தான் விடுமுறைக்கு வந்தபோது வாங்கித் தந்த கார் அவர் பெயரிலேயே இருக்கும். கணவர் காலமாகி ஆண்டுகள் கடந்தும் பதிவுப் புத்தகம் மாற்றப்படாமல் இருக்கும். இவற்றை விடச் சிக்கலானது, முன்னைய உரிமையாளர் கையெழுத்திட்ட படிவங்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு ஓட்டும் 'ஓப்பன் பேப்பர்' கார்.

காப்புறுதி என்பது, அந்த வாகனம் சேதமானால் பணநட்டம் அடையக்கூடியவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். பதிவு ஒருவர் பெயரிலும் காப்புறுதி இன்னொருவர் பெயரிலும் இருந்தால், பெரிய இழப்பீட்டுக் கோரிக்கை வரும்போது முதலில் எழுகின்ற கேள்வி அதுதான். காசோலை யாருக்கு எழுதப்பட வேண்டும் என்பதிலேயே மாதங்கள் கழிந்துவிடும். எனவே, கட்டணத்தில் ஐந்தாயிரம் ரூபா குறைப்பதற்காக அலைவதை விட, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உரிமை மாற்றத்தை முடிப்பது அதிகப் பணத்தைக் காப்பாற்றும் என்பது என் கருத்து. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் பெயரில் கார் தொடர வேண்டிய காரணம் இருந்தால், காப்புறுதியையும் அவர் பெயரிலேயே எடுத்து, உங்களை வழமையான சாரதியாக முன்மொழிவுப் படிவத்தில் (காப்புறுதிக்கான விண்ணப்பத்தில்) எழுத்தில் குறிப்பிட வேண்டும். கோரிக்கை வந்தால் கையெழுத்திட ஒருவர் இங்கே வேண்டுமென்பதால், அவரிடமிருந்து அற்றோணித் தத்துவப் பத்திரம் ஒன்றைப் பெற்று வைப்பதும் நல்லது.

லீசிங் முடியாத வாகனமானால் தெரிவுக்கு இடமில்லை. லீசிங் நிறுவனம் முழுக் காப்புறுதியைக் கட்டாயமாகக் கேட்கும்.

மூன்றாம் தரப்பா, முழுக் காப்புறுதியா?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வீதியில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்பு ஆபத்துக்கான காப்புறுதி கட்டாயமானது. அது இல்லாமல் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க முடியாது. உங்கள் காரால் மற்றொருவருக்கு ஏற்படும் மரணம், காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கான பொறுப்பை அது ஏற்கிறது. உங்கள் காரின் ஒரு கண்ணாடிக்குக்கூட அதில் பணம் இல்லை. தனியார் காருக்கு இதன் கட்டணம் சில ஆயிரம் ரூபாவுக்குள் அடங்கிவிடும்.

முழுக் காப்புறுதியோ மேற்படி பொறுப்போடு, விபத்து, தீ, களவு ஆகியவற்றால் உங்கள் வாகனத்துக்கு வரும் நட்டத்தையும் ஏற்கிறது. கட்டணம் பெரும்பாலும் வாகனத்தின் பெறுமதியில் ஒரு விகிதமாகக் கணிக்கப்படுவதால் பல மடங்கு கூடும். இரண்டுக்கும் இடையில், சொந்தச் சேதத்துக்கு ஒரு குறிப்பிட்ட உச்சத்தொகை வரை மட்டும் தரும் வரையறுக்கப்பட்ட திட்டங்களையும் சில நிறுவனங்கள் விற்கின்றன. முகவர்கள் இவற்றைத் தாமாக எடுத்துச் சொல்வது குறைவு, ஆதலால் கேட்டுப்பெற வேண்டும்.

எதைத் தெரிவு செய்வது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே: நாளைக் காலையில் இந்தக் கார் முற்றாக இல்லாமல் போனால், அதற்குப் பதிலாக ஒன்றை உங்கள் சேமிப்பிலிருந்து, வைத்தியச் செலவுக்கென ஒதுக்கிய பணத்தைத் தொடாமல், வாங்க முடியுமா? முடியும், அல்லது இனி ஒரு கார் தேவையே இல்லை என்றால், மூன்றாம் தரப்புக் காப்புறுதி நியாயமான முடிவு. முடியாது என்றால், ஓட்டம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் முழுக் காப்புறுதியைக் கைவிடாதீர்கள். வேலை செய்யும் வயதில் உள்ளவர் கடன் எடுத்து மீண்டுவிடுவார். எழுபது வயதில் வங்கியும் லீசிங் நிறுவனமும் அந்தக் கதவை அவ்வளவு எளிதில் திறப்பதில்லை.

கார் மிகப் பழையதானால் இன்னொரு தடை உண்டு. பல ஆண்டுகள் ஓடிய வாகனங்களுக்கு முழுக் காப்புறுதி தருவதில் நிறுவனங்கள் தயங்கும். தந்தாலும் வாகனத்தை நேரில் பரிசோதித்துப் புகைப்படம் எடுத்த பின்னரே தரும். கடற்கரையோரம் நிற்கும் கார்களில் உப்புக்காற்றால் அடித்தட்டில் துரு ஏறியிருப்பது நம் பகுதியில் சாதாரணம். பரிசோதனைக்கு முன் அதைச் சரிசெய்துவிடுங்கள், ஏனெனில் ஏற்கெனவே இருந்த துருவுக்கும் தேய்மானத்துக்கும் எந்தக் காப்புறுதியும் பணம் தராது.

காப்புறுதிப் பெறுமதி: மலிவுக்காகப் பலர் விழும் குழி

கட்டணத்தைக் குறைக்க மிக எளிய வழியாகப் பலருக்குச் சொல்லித் தரப்படுவது, வாகனத்தின் பெறுமதியைக் குறைத்து எழுதுவதாகும். இது மலிவல்ல. பெரும்பாலான முழுக் காப்புறுதி ஒப்பந்தங்களில் 'அவரேஜ்' என்ற நிபந்தனை இருக்கிறது: விபத்து நாளில் வாகனத்தின் சந்தைப் பெறுமதியை விடக் காப்புறுதிப் பெறுமதி குறைவாக இருந்தால், சிறு திருத்தச் செலவும் அதே விகிதத்தில் குறைக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டாக, சந்தையில் 60 இலட்சம் ரூபா பெறுமதியான காரை 45 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அது பெறுமதியில் 75 சதவீதம். இரண்டு இலட்சம் ரூபா திருத்தச் செலவு வந்தால், நிறுவனம் ஒன்றரை இலட்சத்தைக் கணக்கில் எடுத்து, அதிலிருந்தும் எக்ஸஸ் தொகையை (ஒவ்வொரு கோரிக்கையிலும் முதலில் நீங்களே ஏற்கும் தொகையை) கழித்துத்தான் தரும். மீதி 50,000 ரூபாவுக்கு மேல் உங்கள் கையிலிருந்து போகும்.

இலங்கையில் இந்தக் குழி அண்மைக் காலத்தில் ஆழமாகியிருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய கார்களின் விலைகள் பல மடங்கு ஏறின. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதும் சந்தை மறுபடி அசையத் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளுக்கு முந்திய பெறுமதியை அப்படியே தொடர்ந்து புதுப்பித்து வருபவர் பெருமளவு குறைவாகக் காப்புறுதி செய்திருக்கக்கூடும். மறுபுறம், விலை உச்சத்தில் இருந்தபோது எழுதிய தொகையை இன்னும் வைத்திருப்பவர் வீணாகக் கட்டுகிறார். முழு நட்டத்தின்போது சந்தைப் பெறுமதிக்கு மேல் அவருக்குக் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் முன்னர், அதே மாதிரி, அதே ஆண்டுக் கார்கள் என்ன விலைக்கு விளம்பரப்படுத்தப்படுகின்றன என்று பாருங்கள். நகரில் வாகன விற்பனை நிலையம் நடத்தும் ஒருவரிடமும் கேளுங்கள். பிறகு தொகையைத் திருத்துங்கள். குறையும் இடத்தில் நேர்மையாகவே குறையும்.

மேலதிகச் சேர்க்கைகளில் எது வேண்டும்

முழுக் காப்புறுதி என்ற பெயரைக் கேட்டு எல்லாம் உள்ளடங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். வெள்ளம், புயல் போன்ற இயற்கை அனர்த்தங்கள், வேலைநிறுத்தம் மற்றும் கலவரம், பயங்கரவாதம், முன்கண்ணாடி, காற்றுப்பை, இழுவைச் செலவு, சாரதிக்கும் பயணிகளுக்குமான தனிநபர் விபத்து நன்மை எனப் பலவும் ஒப்பந்தத்தில் தனித்தனி எழுத்து வரிகளாகச் சேர்க்கப்படுபவை. ஒப்பந்தத்தின் அட்டவணைப் பக்கத்தில் அவை அச்சிடப்பட்டிருந்தால் மட்டுமே உங்களுக்கு உண்டு.

திருகோணமலையில் வெள்ளம், புயல் என்ற வரியை அழிக்கவே கூடாது. 2020 டிசெம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் நம் மாவட்டக் கரையைத்தான் கடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மகாவலி பெருக்கெடுத்து மூதூர், வெருகல் பக்கங்களை மூழ்கடித்தது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: தண்ணீர் ஏறிய காரின் இயந்திரத்தை முடுக்கிப் பார்த்து அதனால் இயந்திரம் பழுதானால், அது வெள்ளச் சேதமல்ல, உங்கள் கவனக்குறைவு என நிறுவனம் மறுக்க இடமுண்டு. தண்ணீர் வடிந்த பிறகும் சாவியைத் தொடாமல், இழுவை வண்டியை அழைப்பதே சரியானது. இழுவைச் செலவு வரியையும் ஆகவே வைத்துக்கொள்ளுங்கள். கந்தளாய்க் காட்டுப் பகுதியிலிருந்து நகருக்கு ஒரு காரை இழுத்துவரும் செலவு சிறிதல்ல.

கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்புறுதிக்கென அரசின் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இருக்கிறது. 2022 மே 9ஆம் திகதி வன்முறையில் நாடெங்கும் வாகனங்கள் எரிக்கப்பட்டபோது இந்த வரி இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான வேறுபாடு தெரிந்தது. நம் ஊரின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தனிநபர் விபத்து நன்மையில்தான் மூத்தவர்கள் ஏமாறுகிறார்கள். பல ஒப்பந்தங்களில் அதற்கு மேல்வயது எல்லை உண்டு. எல்லையைத் தாண்டியவர் ஆண்டுதோறும் அந்தச் சேர்க்கைக்குப் பணம் கட்டி, தேவைப்படும் நாளில் எதுவும் பெறாமல் போகலாம். உங்கள் வயதுக்கு அது செல்லுமா என எழுத்தில் கேளுங்கள். செல்லாதெனில் சாரதிக்கான பகுதியை நீக்கச் சொல்லுங்கள். வாடகைக் கார் வசதி, புதிய வாகனத்துக்கான மாற்றீடு போன்றவை ஓய்வுபெற்றவருக்குப் பெரும்பாலும் வேண்டாதவை.

போனஸும் எக்ஸஸும்

உண்மையில் மூத்த சாரதிக்குச் சாதகமான பகுதி இதுவே. கோரிக்கை விடுக்காத ஒவ்வோர் ஆண்டுக்கும் கட்டணத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் கழிக்கப்படும் 'நோ கிளெய்ம் போனஸ்', நீண்டகாலம் விபத்தின்றி ஓட்டியவருக்குக் கட்டணத்தை அரைவாசிக்கும் கீழே கொண்டுவர வல்லது. அது வாகனத்தை விட உங்களைச் சேர்ந்தது. நிறுவனத்தை மாற்றும்போது பழைய நிறுவனத்திடமிருந்து உறுதிக் கடிதம் பெற்றால் புதிய நிறுவனம் பொதுவாக அதை ஏற்கும். கணவரின் பெயரிலிருந்து மனைவியின் பெயருக்குக் கார் மாறும்போதும் போனஸை மாற்றித் தரும்படி கேளுங்கள். கேட்காதவருக்குத் தானாகத் தரமாட்டார்கள். காப்புறுதியை இடையில் விட்டுவைத்தால் போனஸ் அழிந்துபோகக்கூடும் என்பதால், கார் சில மாதம் ஓடாமல் நின்றாலும் இதை யோசித்தே முடிவெடுக்க வேண்டும்.

எக்ஸஸ் என்பது ஒவ்வொரு கோரிக்கையிலும் முதலில் நீங்கள் ஏற்கும் தொகை. அதை உங்கள் விருப்பத்தால் உயர்த்தினால் கட்டணம் குறையும். சிறு உரசல்களுக்குக் கோரிக்கை விடுக்காமல் சொந்தப் பணத்தில் திருத்துகிறவருக்கு இது நல்ல பேரம். 18,000 ரூபா செலவாகும் ஒரு நெளிவுக்கு, 10,000 எக்ஸஸ் கழித்து 8,000 ரூபாவைப் பெற்று, அடுத்த ஆண்டு போனஸ் படி இறங்குவதால் அதைவிடக் கூடுதலாகக் கட்டுவது எந்தக் கணக்கிலும் சரிவராது. கோரிக்கை விடுக்கும் முன்னர், விடுத்தால் அடுத்த ஆண்டுக் கட்டணம் எவ்வளவாகும் என்று முகவரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எக்ஸஸை உயர்த்தும் அளவு, வங்கியில் உடனே எடுக்கக்கூடியதாக இருக்கும் பணத்துக்குள் இருக்கட்டும்.

வயதையும் நோயையும் மறைக்க வேண்டாம்

முன்மொழிவுப் படிவத்தை முகவரே நிரப்பி, கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதற்கு இடம்கொடாதீர்கள். காப்புறுதிச் சட்டத்தில் முக்கியமான விடயங்களை வெளிப்படையாகச் சொல்வது காப்புறுதி பெறுபவரின் கடமை. படிவத்தில் பார்வைக் குறைபாடு, இருதய நோய், வலிப்பு, முந்தைய விபத்துகள் பற்றிய கேள்வி இருந்தால் உண்மையையே எழுத வேண்டும். கண்புரைச் சத்திரசிகிச்சை செய்து பார்வை திரும்பியவர் அதை எழுதுவதால் பெரும்பாலும் எதையும் இழப்பதில்லை. எழுதாமல் விட்டது விபத்துக்குப் பின் தெரியவந்தால் முழுக் கோரிக்கையையும் இழக்கலாம்.

சாரதி அனுமதிப்பத்திரத்தின் முடிவுத் திகதியையும் இன்றே பாருங்கள். மென்ரக வாகனங்களுக்கு அது பொதுவாக 8 ஆண்டுகளுக்கு வழங்கப்படுவதால், முடிகின்ற ஆண்டு எவருக்கும் நினைவில் நிற்பதில்லை. புதுப்பிக்க தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ் வேண்டும். காலாவதியான அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டியபோது நேர்ந்த விபத்துக்கு நிறுவனம் கைவிரித்தால் வாதாட வழியில்லை.

இதே காரணத்தால், விடுமுறைக்கு வரும் பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்கும் முன் யோசியுங்கள். வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே போதாது. சர்வதேச அனுமதிப்பத்திரத்தை இங்கே உறுதிப்படுத்தியிருக்க வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதி இருக்க வேண்டும். அதேபோல், தனியார் பாவனைக்கெனக் காப்புறுதி செய்த காரை, நிலாவெளிக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஹயர் ஓட விடுவது ஒப்பந்தத்தை மீறும் செயல். பேரனின் நண்பர் கேட்டார் என்பதற்காக இதைச் செய்து கைசுட்டவர்கள் உண்டு.

விலை கேட்கும் முறை

மேற்சொன்னவற்றை முடித்த பிறகே நிறுவனங்களிடம் போக வேண்டும். காப்புறுதி முடிவதற்குச் சில வாரங்கள் முன்னதாக, ஒரே பெறுமதி, ஒரே எக்ஸஸ், ஒரே சேர்க்கைகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, குறைந்தது மூன்று நிறுவனங்களின் கிளைகளுக்குக் கொடுத்து எழுத்தில் விலை கேளுங்கள். முகவர் ஒரு நிறுவனத்துக்காக விற்பவர். தரகர் பல நிறுவனங்களின் விலைகளைத் திரட்டித் தரக்கூடியவர். தொலைபேசியில் சொல்லப்படும் தொகை பெரும்பாலும் அடிப்படைக் கட்டணமே. 18 சதவீத வற் வரியும் ஏனைய கட்டணங்களும் சேர்ந்த இறுதித் தொகையை ஒப்பிட வேண்டும்.

விலைக்கு அடுத்ததாகக் கேட்க வேண்டியது, விபத்து நடந்தால் மதிப்பீட்டாளர் எங்கிருந்து வருவார் என்பதும், அவர்கள் அங்கீகரித்த கராஜ் திருகோணமலையில் இருக்கிறதா என்பதும். காரைத் திருத்தக் கொழும்புக்கு அனுப்ப வேண்டிய மலிவான ஒப்பந்தம் எழுபது வயதுக்காரருக்கு மலிவானதல்ல. பழைய பாகத்துக்குப் பதிலாகப் புதியதைப் பொருத்தும்போது தேய்மானமாக எத்தனை சதவீதத்தை உங்கள் கணக்கில் போடுவார்கள் என்பதையும் கேளுங்கள். பழைய கார்களில் இந்தத் தொகை எக்ஸஸை விடப் பெரிதாக இருக்கும்.

ஓய்வுபெற்ற அரச ஊழியர்கள், வங்கி வாடிக்கையாளர்கள், பெண் சாரதிகள் முதலியோருக்குச் சில நிறுவனங்கள் கழிவு தருகின்றன. கேட்டுப் பாருங்கள், ஆனால் கழிவை வைத்து நிறுவனத்தைத் தெரிவு செய்ய வேண்டாம்.

பணம் கட்டிய பின்

பற்றுச்சீட்டும் காப்புறுதிச் சான்றிதழும் கைக்கு வந்ததும் வாகன இலக்கம், அடிச்சட்ட இலக்கம், பெயர், தொடங்கும் திகதி, சேர்க்கைகள் எல்லாம் சரியா எனக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியுங்கள். தவணையாகக் கட்ட ஒப்புக்கொண்டிருந்தால், ஒரு தவணை தவறினாலும் காப்புறுதி இல்லாமல் போகலாம் என்பதால் திகதிகளை நாட்காட்டியில் குறியுங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்குக் காப்புறுதிச் சான்றிதழுடன் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். பிரதேச செயலகத்திலோ இணையம் வழியாகவோ அதைப் பெறலாம்.

விபத்து நேர்ந்தால், காயம் பட்டவரைக் கவனித்த பின், காரை நகர்த்துவதற்கு முன் நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள். எவருக்காவது காயமென்றால் பொலிஸ் முறைப்பாடு தவிர்க்க முடியாதது. நடுவீதியில் நின்று சமரசம் பேசி, பிழையை ஏற்று எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

நிறுவனம் கோரிக்கையை மறுத்தாலோ அநியாயமாகக் குறைத்தாலோ, காரணத்தை எழுத்தில் கேட்டு, முதலில் அந்த நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கே கடிதம் எழுத வேண்டும். அதில் தீராவிட்டால், தனிநபர்களின் முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். இரண்டும் கொழும்பில் இருந்தாலும், தபாலில் தமிழிலேயே எழுதி, ஒப்பந்தத்தின் பிரதி, மதிப்பீட்டு அறிக்கை, நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் ஆகியவற்றை இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.